மிகுவாக்கு: பெரும்பான்மை இல்லாத வெற்றிக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

மற்றவர்களைவிட அதிக வாக்கு பெற்றவரே வெல்லும் நம் தொகுதித் தேர்தல் முறைக்குப் (ஆங்கிலத்தில் first-past-the-post) 'பெரும்பான்மை வாக்கு முறை' என்ற பெயரே போதும் என்று நேற்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அதை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. பாதிக்கு மேற்பட்டதுதான் பெரும்பான்மை என்றால், நம் தொகுதிகளில் வெல்வதற்கு அது தேவையே இல்லை. 2021இல் இங்கே தியாகராய நகரில் 137 வாக்கு வித்தியாசத்தில் முடிவு வந்தது. வென்றவர் பதிவான வாக்குகளில் பாதியை எட்டவில்லை, எட்ட வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. இருவர் சமமாக வந்தால்கூட, குலுக்கலில் தேர்வானவருக்கு ஒரு வாக்கைக் கூட்டிக் கணக்கிடும்படிதான் 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது.

சட்டப்பேரவைக்குள் நுழைந்ததும் கணக்கு வேறாகிவிடுகிறது. அங்கே 234 பேரில் 118 பேர் வேண்டும். 2006இல் 96 இடங்களை வென்ற திமுக, தனிப்பெரும் கட்சியாக இருந்தும், காங்கிரஸ் முதலிய தோழமைக் கட்சிகளின் ஆதரவைக் கொண்டே ஆட்சி நடத்த முடிந்தது. தொகுதியில் ஒரு விதி, அவையில் இன்னொரு விதி என்றிருக்க, இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டால், நாலைந்து சதவீத வாக்குள்ள கட்சியின் வாசலில் பெரிய கட்சிகள் ஏன் காத்து நிற்கின்றன என்பதை மாணவருக்கு விளக்குவது கடினம்.

இவ்விரண்டையும் ஒரே தேர்தலில் காட்டுவது 1969ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தல். அதில் வாக்களிப்பவர்கள் வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி குறிப்பார்கள். முதல் விருப்ப வாக்குகளில் வி. வி. கிரி 4,01,515 வாக்கு மதிப்புடன் முந்தி நின்றார். தொகுதித் தேர்தலாக இருந்திருந்தால் அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் வெற்றிக்கு வேண்டியது பாதிக்கு மேற்பட்ட 4,18,169. இரண்டாம் விருப்ப வாக்குகளையும் கூட்டி 4,20,077ஐத் தொட்ட பிறகே அவர் வென்றார். முதலில் அவரிடம் இருந்ததற்குத்தான் நம்மிடம் பெயர் இல்லை.

'முதலில் கம்பத்தைக் கடப்பவர்' என்று ஆங்கிலப் பெயரை அப்படியே நேர்பெயர்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கிண்டியில் குதிரைப் பந்தயம் பார்த்தவர்களுக்குத் தெரியும், கம்பம் நட்ட இடத்தில் நிற்கும். தேர்தலிலோ இரண்டாமவர் எங்கே நிற்கிறாரோ அதற்கு ஒரு வாக்கு அப்பால்தான் கம்பம். பாதியை எட்டாத முன்னிலையைக் குறிக்கும் plurality என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேரான 'பன்மை' இலக்கணத்துக்குப் போய்விட்டது. 'ஒப்பீட்டுப் பெரும்பான்மை' பொருளில் சரியானதே, ஆனாலும் நாம் விலக்க நினைக்கும் சொல்லையே மறுபடி உள்ளே கொண்டுவருகிறது.

ஆகவே 'மிகுவாக்கு' என்று முன்மொழிகிறேன். 'பாரத மிகுமின் நிறுவனம்' (BHEL) என்பதில் வரும் 'மிகுமின்' போல வினைத்தொகை. திருச்சிப் பக்கம் பேருந்து நடத்துநருக்கும் பழகிய அமைப்பு. மிகுவாக்கு முறை, மிகுவாக்கு வெற்றி, மிகுவாக்கு பெற்றவர் என்று தடையின்றி வளர்கிறது. 'மிகுபான்மை' என்பதையும் எண்ணிப் பார்த்தேன். பெரும்பான்மையையும் விஞ்சியது என்று காதில் விழும் ஆபத்து அதில் உண்டு.

ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். வென்றவர் கூடுதலாகப் பெற்ற அந்த 137ஐத்தான் 'மிகுவாக்கு' என்று சிலர் புரிந்துகொள்ளக்கூடும். அதற்கு 'வாக்கு வித்தியாசம்' நன்றாக வேரூன்றியிருப்பதால் குழப்பம் நிலைக்காது என்பது என் எண்ணம். தேர்தல் செய்தி எழுதிப் பழகியவர்கள் இந்த ஓரிடத்தை மட்டும் சோதித்துச் சொன்னால் நல்லது.