சொந்தக் கதை எழுதக் கற்றுக்கொடுத்த இடத்தில் உங்களுக்கு நடந்தது என்ன?

மதுரைக்காரி:
ஞாயிற்றுக்கிழமைப் பட்டறை. வழக்கமான பயிற்சிதான்: வீட்டில் நடந்த ஒரு சண்டை, இரண்டு பக்கம், பேச்சோடு. ஓர் இளம்பெண் எழுந்து வாசித்தார். கல்யாணமான புதிதில் மாமியார் குழம்பை வாயில் வைத்துவிட்டு, "உங்க வீட்ல உப்பே வாங்க மாட்டாங்களா?" என்று கேட்ட கதை. அரங்கமே சிரித்தது. கடைசி வரிசையில் பேரனை மடியில் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்தார். "உப்பு இல்ல, புளி. புளி தூக்கலா இருக்குன்னுதான் சொன்னேன். உங்க வீட்டப் பத்தி ஒரு வார்த்தை பேசல. எழுதுறத ஒழுங்கா எழுது."

குழந்தையைப் பார்த்துக்கொள்ள மருமகளே கூட்டி வந்திருக்கிறார்! இருவரும் என்னைப் பார்க்கிறார்கள், மைக் என் கையில். "ரெண்டு பேர் ஞாபகமும் ரெண்டு மாதிரி இருக்கும்மா" என்றேன். "அப்ப நானும் எழுதுறேன், பேப்பர் குடுங்க" என்றார். எழுதினார். யாருக்கும் காட்டாமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். அதில் என்ன இருந்திருக்கும் என்று இன்னும் யோசிக்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
சகோதரி நழுவிவிட்டார். ஞாபகம் மாறலாம், ஆனால் மேற்கோள் குறிக்குள் போட்டால் அது அந்த அம்மா சொன்னதாகவே ஆகிவிடும். என் அனுபவம் சின்னது. ஒரு கல்லூரியில் பேசி முடித்ததும் ஒரு மாணவன், "ஐயா, உண்மை போரடிச்சா கொஞ்சம் சேர்த்துக்கலாமா?" என்றான். கைதட்டல் வேறு.

சரி, எழுத வருபவர்களுக்குச் சில சொல்கிறேன். பேச்சு சரியாக நினைவில்லை என்றால் "இப்படி ஏதோ சொன்னார்" என்றே எழுதுங்கள், கௌரவம் குறையாது. பழைய ரேஷன் கார்டு, பள்ளி டி.சி., கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக மொய் நோட்டு. எந்த மாமா வந்தார், எவ்வளவு வைத்தார், யார் வராமலே இருந்தார் என்று அதைவிடத் துல்லியமாக எந்த வாயும் சொல்லாது. உயிரோடு இருப்பவரைப் பற்றி எழுதினால் அச்சுக்குப் போகும் முன் அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அனுமதிக்காக இல்லை, தப்பைத் திருத்திக்கொள்ள. பெயரை மாற்றினால் முன்னுரையில் சொல்லிவிடுங்கள்.

தஞ்சாவூர் வாசகன்:
ஐயா, உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது 1940-ல். அவருடைய ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறைந்தது 1876-ல். பிள்ளையவர்கள் பேசியதெல்லாம் பேச்சாகவேதான் அதில் வருகிறது. அங்கெல்லாம் "இப்படி ஏதோ சொன்னார்" என்று திருத்திவிடலாமா? ஒரு பட்டறையில் இதே கேள்வியைக் கேட்டேன். "கேள்விகள் கடைசியில்" என்று உட்கார வைத்தார்கள். கடைசியில் டீ வந்தது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அவர் கடிதங்களைக்கூடப் பத்திரப்படுத்தி வைத்தவர், தம்பி. நம் ஞாபகமும் அவர் ஞாபகமும் ஒன்றா?

கரும்பலகை:
விஷயம் எங்கேயோ போகிறது. எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு, "என் வாழ்வில் மறக்க முடியாத நாள்". கைடில் இருக்கும் மாமல்லபுரம் சுற்றுலாவை வகுப்பே எழுதும், கடலைப் பார்க்காத பிள்ளைகள் உட்பட. ஓர் ஆசிரியர் விடுப்பில் போக, அந்த வகுப்பு எனக்கு வந்தது. திருத்திய தாள்களும் வந்தன. ஒருவன் மட்டும் நாலே வரி. பஸ் ஸ்டாண்டில் அப்பாவைப் பார்த்திருக்கிறான், கூட வேறொரு அக்காவும் பாப்பாவும். "அப்பா என்னை அடையாலம் தெரியாதமாரி போனார்." 'ல'வைச் சுற்றிச் சிவப்பு வட்டம். 'மாரி'க்கு இன்னொரு வட்டம். பத்துக்கு இரண்டு.

அடுத்த பரீட்சையில் அவனும் மாமல்லபுரம் போய்விட்டான். ஏழு மார்க்.

ஸ்காபரோ:
இங்கே கனடாவில் ஊர்ப் பெரியவர்களை நினைவுகளை எழுத வைக்கிறோம். ஓர் ஐயாவிடம் யாழ்ப்பாணம் பொது நூலகத்துப் புத்தகம் ஒன்று இருக்கிறது. 1981 மே மாதம் இரவல் எடுத்தது. மே 31 இரவு நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். 97,000 அளவில் நூல்கள் போயின. இது அவர் வீட்டில் இருந்ததால் தப்பியது. அவர் எழுதியதெல்லாம் அட்டையின் நிறம், முத்திரை, திருப்பிக் கொடுக்க வேண்டிய திகதி, அவ்வளவுதான். என்னோடு வகுப்பெடுத்த தம்பி விடவில்லை: "ஐயா, அந்த நேரம் உங்களுக்கு எப்பிடி இருந்தது? அதை எழுதுங்கோ." இப்போது எல்லா வகுப்பிலும் ஆட்களை அழ வைக்கத்தான் பார்க்கிறார்கள். ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, திகதியை எழுதியிருக்கிறன். வாசிக்கத் தெரிஞ்சவனுக்கு அது காணும்."

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
கனடா அன்பருக்கு: அந்தப் பக்கத்தை உடனே படம் எடுத்து இரண்டு இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். கிழிந்திருந்தால் செலோடேப் ஒட்ட வேண்டாம், லேமினேஷன் கூடவே கூடாது, வெயில் படாமல்...

மதுரைக்காரி:
ஐயா, அவர் அதைக் கேட்கவே இல்லையே.