அண்டை நாட்டுப் படைகளுக்குக் கப்பல் கொடுத்தால் போதுமா?

சித்தூர் முருகேசன்:
2025 ஏப்ரலில் இந்தியாவும் இலங்கையும் கொழும்பில் பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தம் போட்டதிலிருந்து, "அவங்க படைக்கு நாம ஏன் உதவணும்?" என்று இங்கே பலர் கேட்கிறீர்கள். உதவத்தான் வேண்டும். ஆனால் இப்போது செய்வது பாதி வேலைதான்.

நம் கேரளத்திலேயே பாருங்கள். எழிமலைக் கடற்படை அகாடமியிலும் கொச்சியிலும் நட்பு நாட்டுப் பிள்ளைகள் பயிற்சி பெறுகிறார்கள். அதே ஏப்ரலில் ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 44 பேர் நம் ஐஎன்எஸ் சுனைனாவில் ஏறி இந்தியப் பெருங்கடலைச் சுற்றப் போனார்கள். நல்லதுதான். ஆனால் நாம் கொடுக்கிற கப்பலுக்கு ஐந்து வருடம் கழித்து உதிரி பாகம் வாங்க அந்த நாட்டு அமைச்சகத்தில் பட்ஜெட் போட ஆள் இருக்கிறதா? அதை யார் பார்க்கிறார்கள்?

ஆப்கானிஸ்தான் படைகளுக்கு மட்டும் அமெரிக்கா சுமார் 8,800 கோடி டாலர் கொட்டியது. விமானங்களைப் பராமரித்த வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்கள் 2021இல் கிளம்பியதும் பல விமானங்கள் தரையிலேயே நின்றுவிட்டன. ஆகஸ்டில் காபூல் விழுந்தது.

பாறசாலை ஜெரோம்:
அண்ணா, உதவி பாதியா முழுசா என்பது அப்புறம். யாருக்கு என்பதை முதலில் பேசுவோம். எங்கள் பக்கம் பொழியூர், நீரோடிக் கரையில் போய் நின்று பாருங்கள். ராமேஸ்வரத்தில் சொந்தபந்தம் இல்லாத குடும்பம் குறைவு. அங்கே இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துக்கொண்டு போனால் ஆள் திரும்பி வருவான், படகு வராது. கரையில் கடன் மட்டும் நிற்கும். அப்படிப் பிடிக்கிற கடற்படைக்குத்தான் நாம் கொச்சியில் வகுப்பு எடுக்கிறோம். அதை இன்னும் பலமாக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

கோத் ஹவில்தார்:
முருகேசன் தம்பி தொட்ட இடம் சரி. நான் பட்டாளத்தில் கோத் பார்த்தவன். கோத் என்றால் துப்பாக்கிகளைப் பூட்டி வைக்கிற அறை. காலையில் ஆயுதம் வெளியே போகும்போது ரெஜிஸ்டரில் பட் நம்பர், அதாவது துப்பாக்கிக் கட்டையில் போட்டிருக்கிற எண், எழுதி ஜவான் கையெழுத்துப் போட வேண்டும். சாயங்காலம் திரும்பியதும் மறுபடி எண்ண வேண்டும். ஒரு போல்ட் குறைந்தால் அன்றைக்கு யூனிட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. என் காலத்தில் சம்பளமும் அப்படித்தான். பே பரேடில் ஆள் நேரில் வந்து அக்விட்டன்ஸ் ரோல் என்ற சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போட்டால்தான் பணம் கைக்கு வந்தது.

இந்தச் சின்ன வேலை இல்லாத படை என்ன ஆகும் என்பதற்கு ஈராக் இருக்கிறது. 2014 ஜூனில் மோசுல் விழுந்தது. அந்த வருடக் கடைசியில், சம்பளப் பட்டியலில் 50,000 போலிப் பெயர்கள் இருந்ததாக அந்த நாட்டுப் பிரதமர் அபாதியே சொன்னார். பெயர் உண்டு, சம்பளம் உண்டு, சிப்பாய் கிடையாது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 1989இல் இலங்கையின் வடகிழக்கில் தமிழ் தேசிய ராணுவம் என்று நாமே ஒன்றை நிறுத்தினோம். பையன்களைப் பிடித்துக்கொண்டு வந்து துப்பாக்கி கொடுத்தார்கள். 1990 மார்ச்சில் இந்திய அமைதிப்படை முழுசாகத் திரும்புவதற்குள் அது கரைந்துபோனது. நிறைய ஆயுதம் புலிகள் கைக்குப் போனது. செத்த பையன்களைப் பற்றி யார் பேசுகிறோம்?

பாறசாலை ஜெரோம்:
ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒன்று கேட்கிறேன். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் நின்ற ராணுவத்துக்கு ரெஜிஸ்டர் இல்லையா? சம்பளப் பட்டியல் இல்லையா? எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஒழுங்கு இருந்ததால் சனம் பிழைத்ததா?

வேலந்தாவளம் ரேவதி:
ஜெரோம் தம்பி கேட்டதைத் தாண்டிப் போக முடியாது. என் கருத்து என்னவென்றால், கோத்தும் சம்பளப் பட்டியலும் நிறுவனத்தில் ஒரு பகுதிதான். தப்பு செய்த அதிகாரியைக் கூண்டில் ஏற்றுகிற நீதிமன்றம், செலவைக் கேட்கிற நாடாளுமன்றம், புகார் கொடுக்கிற அம்மாவை மிரட்டாத காவல் நிலையம், இவையும் சேர வேண்டும்.

கொலம்பியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2000இலிருந்து அமெரிக்கா பணமும் பயிற்சியும் கொடுத்தது. ராணுவம் பலமானது. 2002 முதல் 2008 வரை மட்டும் 6,402 பேரைக் கொன்று, சண்டையில் செத்த கெரில்லாக்கள் என்று கணக்குக் காட்டியிருக்கிறார்கள். அந்த எண்ணிக்கையைப் பின்னால் வெளியே கொண்டுவந்தது அந்த நாட்டின் சொந்த அமைதி நீதிமன்றம். அந்த மாதிரி நீதிமன்றம் முதல் நாளே இருந்திருந்தால்?

கொடூர மனித உரிமை மீறல் செய்த படைப்பிரிவுக்கு உதவி கிடையாது என்று அமெரிக்காவில் லேஹி சட்டம் இருக்கிறது. நண்பர்கள் விஷயத்தில் அவர்கள் கண்ணை மூடிக்கொள்வதும் உண்டு. ஆனாலும் கேள்வி கேட்க ஒரு சட்டமாவது இருக்கிறது. நம்மிடம் என்ன இருக்கிறது? 2012இல் தாம்பரத்தில் இலங்கை விமானப்படையினருக்குப் பயிற்சி என்று தமிழ்நாடு கொதித்தது. அவர்களைப் பெங்களூரு யெலகங்காவுக்கு மாற்றினார்கள். இடம் மாறியதோடு சரி. யாருக்கு, எந்த நிபந்தனையில் என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

சித்தூர் முருகேசன்:
அக்கா, நிபந்தனை போட்டால் அவர்கள் சீனாவிடம் போவார்கள். ஹம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் சீன நிறுவனத்துக்கு 99 வருடக் குத்தகைக்குப் போனதை மறந்துவிடாதீர்கள். மாலத்தீவில் கிளம்பச் சொன்னதால் 2024 மே மாதத்துக்குள் நம் ராணுவத்தினர் திரும்பி வந்தார்கள். நாம் கொடுத்த ஹெலிகாப்டரையும் டோர்னியர் விமானத்தையும் ஓட்ட சிவிலியன் ஆட்களை அனுப்பித்தான் சமாளித்தோம். அந்த நாட்டிலேயே பைலட்டும் மெக்கானிக்கும் போதிய அளவு உருவாகியிருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது. அதனால்தான் சொல்கிறேன், முதலில் உள்ளே இருந்து கட்டுவோம்.

பாறசாலை ஜெரோம்:
சீனா வரும், சீனா வரும் என்று சொல்லியே எல்லாக் கேள்வியையும் மூடுகிறீர்கள் அண்ணா. 2024இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் கொழும்பில் கடல் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் அமைத்துக் கொடுத்தது. அதை நான் எதிர்க்கவே இல்லை. புயலில் மாட்டினவன் எந்த நாட்டுக்காரன் என்று அங்கே யாரும் பார்க்கப் போவதில்லை. அந்த மாதிரி பத்துக் கட்டுங்கள், நானே வந்து கை தட்டுகிறேன். பீரங்கி வகுப்புக்கு மட்டும் ரேவதி அக்கா சொன்ன நிபந்தனை வேண்டும். அதை எழுத்தில் போட்டு நாடாளுமன்றத்தில் வையுங்கள்.

கோத் ஹவில்தார்:
அதுக்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன். நம் பாலக்காடு எம்பிக்கு ஒரு மனு எழுதுங்கள் ரேவதி. மலையாளத்திலும் ஒரு பிரதி வேண்டும். ஜெரோம், திருவனந்தபுரம் எம்பி ஆபீஸில் கொடுப்பது உங்கள் பொறுப்பு.