சுல்தான் ஹானில் எதற்கு இரண்டு பகுதிகள்?

கேள்வி:
துருக்கியில் கொன்யா–அக்சராய் சாலையில் இருக்கும் சுல்தான் ஹான் என்ற பழைய வணிகர் சத்திரத்தின் வரைபடத்தைப் பார்த்தேன். முன்னால் பெரிய திறந்த முற்றம், பின்னால் அதைவிடக் குறுகலான மூடிய கூடம். ஒரு சத்திரத்துக்கு ஏன் இப்படி?

பதில் 1:
குளிர்தான் காரணம். அனடோலியாப் பீடபூமியில் பனிக்காலம் கடுமை, அதனால் கோடையில் முற்றம், குளிரில் தடித்த சுவர்களும் நடுவில் ஒரு குவிமாடமும் கொண்ட அந்தக் கூடம். 1229இல் செல்ஜூக் சுல்தான் முதலாம் கைகுபாத் கட்டியது. பிறகு தீப்பிடித்து 1278இல் பழுதுபார்த்தார்கள்.

பதில் 2:
முற்றத்தின் நடுவே நான்கு வளைவுகள் மேல் தூக்கி நிறுத்திய குட்டி மசூதியை விட்டுவிட்டீர்களே! கீழே ஒட்டகமும் கழுதையும் நடமாடும், தொழுகிறவர் படியேறி மேலே போய்விடுவார். எனக்கு அதன் 13 மீட்டர் உயர வாசலைவிட இதுதான் பிடிக்கும்.

கேள்வி கேட்டவர்:
சரி, அந்தக் காலத்தில் தங்க வாடகை உண்டா?

பதில் 1:
பொதுவாக மூன்று நாள் இலவசம், சாப்பாடும் சேர்த்து. அறக்கட்டளை வருமானத்தில் நடந்தது. ஆனால் வெறும் தர்மம் என்று நினைக்காதீர்கள், வணிகர் பயமில்லாமல் வந்தால்தானே கஜானாவுக்கு வரி வரும். கோட்டை மாதிரி வெளிச்சுவர், ஒரே வாசல், எல்லாம் அதற்குத்தான்.