ஜம்ப்சீட் கேட்டுப் போனவர்களும் கொடுத்தவர்களும்: உங்கள் அனுபவம் என்ன?

டல்லாஸ் கம்யூட்டர்:

வீடு டல்லாஸில், பேஸ், அதாவது வேலை தொடங்கும் விமான நிலையம், நியூவார்க்கில். அமெரிக்காவில் விமானம் ஓட்டுகிற ஏராளமானவர்களுக்கு வாழ்க்கை இப்படித்தான், வேலைக்குப் போய்ச் சேரவே இன்னொரு விமானம் ஏற வேண்டும். அதில் எல்லா சீட்டும் நிரம்பிவிட்டால் மிச்சம் இருப்பது காக்பிட்டில் பைலட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் ஜம்ப்சீட் மட்டும்தான். காசு கிடையாது. நம் கம்பெனி விமானமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை, போட்டிக் கம்பெனிக்காரர்களும் ஏற்றிக்கொள்கிறார்கள். இவ்வளவு பெரிய வசதி பைலட்டுகள் ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதையில்தான் நிற்கிறது. அந்த மரியாதை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது என்று எனக்குப் படுவதால் இதை எழுதுகிறேன்.

சமீபத்தில் நான் கேப்டனாகப் போன ஒரு விமானத்தில் கடைசி நேரத்தில் கேபினில் ஒரு சீட் காலியானது. ஜம்ப்சீட் கேட்டு வந்திருந்த ஒரு இளம் பைலட்டை கேட் ஏஜென்ட் அங்கே உட்கார வைத்துவிட்டார். அந்தத் தம்பி காக்பிட் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் நேராகப் பின்னால் போய், பையை மேலே வைத்துவிட்டு, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். நானே எழுந்து போய்ப் பேசினேன். "சீட்தான் கிடைச்சிடுச்சே சார்" என்றார். அவரிடம் திமிர் எதுவும் இல்லை, யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். அதனால் அவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். ஜம்ப்சீட்டில் பதிவு செய்து வந்தவர் எங்கே உட்கார்ந்தாலும் கேப்டனின் சம்மதத்தில்தான் பயணம் செய்கிறார். அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் உட்காருவதானாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தானே உட்காருவோம். எடை அதிகமாகி ஆளை இறக்க வேண்டி வந்தால் டிக்கெட் வாங்கியவரை இறக்குவதற்கு முன் இவரைத்தான் இறக்குவார்கள். அப்படிப்பட்ட ஒருவர் உள்ளே இருப்பதே கேப்டனுக்குத் தெரியாமல் இருக்கலாமா?

இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிது. கேபினில் ஒரு பைலட் இருக்கிறார் என்று தெரிந்திருப்பது க்ரூவுக்குப் பலம். 1989 ஜூலை 19 அன்று யுனைடெட் 232 விமானத்தில் வால் எஞ்சின் சிதறி விமானத்தைத் திருப்ப உதவும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் போய்விட்டன. அதில் பயணியாக வந்த டிசி-10 பயிற்சியாளர் டென்னிஸ் ஃபிட்ச், உதவ வரட்டுமா என்று கேபின் க்ரூ மூலம் கேட்டனுப்பினார். கேப்டன் ஆல் ஹேன்ஸ் உடனே உள்ளே அழைத்தார். இருபக்க எஞ்சின்களின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில்களை ஃபிட்ச் கையில் பிடித்துக்கொண்டு, அதை வைத்தே விமானத்தைத் திருப்பி சூ சிட்டி வரை கொண்டுவந்தார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள்.

நான் ஜம்ப்சீட்டராகப் போகும்போது முதலில் வாசலில் கேபின் க்ரூவிடம் யார் என்று சொல்வேன். அவர்கள் காக்பிட்டைக் காட்டியதும் ஐடி, லைசென்ஸ், மெடிக்கல் (உடல்தகுதிச் சான்றிதழ்) மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு, பைலட்டுகள் இருவரும் செக்லிஸ்ட்டின் நடுவில் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசுவேன். "உங்கள் விமானத்தில் வரலாமா?" என்றுதான் கேட்பேன். "நான் ஜம்ப்சீட்" என்று அறிவிப்பது வேறு விஷயம். இறங்கும்போது, பின்னால் உட்கார்ந்திருந்தாலும், முன்னால் வந்து நன்றி சொல்லாமல் போவதில்லை. உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள், கசப்பானதும் வரட்டும்.

கார்கோ நைட்:

அண்ணே, ஐடி பார்ப்பதை வெறும் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஃபெடெக்ஸ் 705. 1994 ஏப்ரல் 7, மெம்ஃபிஸிலிருந்து சான் ஹோசே போன டிசி-10. ஜம்ப்சீட்டில் வந்தவர் அதே கம்பெனியின் ஃப்ளைட் எஞ்சினியர், பறந்த மணிக்கணக்கைப் பொய்யாகக் காட்டியதற்காக விசாரணையை எதிர்நோக்கி இருந்தவர். கிடார் பெட்டிக்குள் சுத்தியல்களும் மீன் வேட்டைக்கான ஈட்டித் துப்பாக்கியும் வைத்திருந்தார். மண்டை உடைந்த நிலையிலும் க்ரூ மூன்று பேரும் போராடி விமானத்தை மெம்ஃபிஸுக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள். உயிர் பிழைத்தார்கள், ஆனால் வணிக விமானத்தை அவர்களால் மறுபடி ஓட்ட முடியவில்லை. தாக்கியவருக்கு ஆயுள் தண்டனை.

2001 செப்டம்பர் 11க்குப் பிறகு வேறு கம்பெனி பைலட் காக்பிட்டில் உட்காருவதே நின்றுபோனது. காஸ் என்கிற சரிபார்ப்பு முறை வந்த பிறகுதான் கதவு மறுபடி திறந்தது. கேட்டில் நம் எண்ணைப் போட்டால், இன்னமும் வேலையில் இருக்கிறோமா என்பதும் புகைப்படமும் அங்கே தெரிந்துவிடும். ஆனால் அன்றைக்கு அந்த ஆள் எந்த மனநிலையில் வந்திருக்கிறார் என்பது எந்தக் கணினிக்கும் தெரியாது, அதைக் கேப்டன் தன் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

ராத்திரி கார்கோ விமானங்களில் எங்களிடம் நிறைய ரீஜனல் (சின்ன விமானங்கள் ஓட்டும் கம்பெனி) பசங்க வருவார்கள். 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே விழுந்து 50 பேர் இறந்த கோல்கன் 3407 நினைவிருக்கும். அதன் ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை பைலட்) சியாட்டிலிலிருந்து மெம்ஃபிஸ் வழியாக ராத்திரி முழுக்கக் கார்கோ விமானங்களில் வந்து நியூவார்க்கில் வேலைக்கு ஏறியவர். அதிலிருந்து எங்கள் ஜம்ப்சீட்டில் யாராவது வந்தால் சாப்பிட்டாயா, எப்போது வேலைக்கு ரிப்போர்ட்டிங் என்று கேட்டுவிடுவேன். க்ரூஸில் (மேலே ஏறி நேராகப் பறக்கும்போது) தூங்கிக்கொள் என்று நானே சொல்லிவிடுவேன். ஜம்ப்சீட் கொடுப்பதோடு நம் பொறுப்பு முடிவதில்லை.

ஈ175 கேப்டன்:

2023 அக்டோபர் 22 எங்களையெல்லாம் உலுக்கிவிட்டது. எவரெட்டிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ போன ஹொரைசன் 2059, நான் ஓட்டுகிற அதே வகை விமானம். ஜம்ப்சீட்டில் இருந்த பணியில் இல்லாத பைலட் திடீரென்று இரண்டு எஞ்சின்களின் தீயணைப்பு ஹேண்டில்களையும் பிடித்து இழுக்கப் பார்த்தார். முழுசாக இழுத்திருந்தால் எரிபொருள் நின்றிருக்கும். க்ரூ அவர் கையைத் தடுத்து, ஹேண்டில்களைச் சரிசெய்து, போர்ட்லாந்தில் இறக்கினார்கள். அதற்கு முன் சரளமாகப் பேசிக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

இப்போது யார் வந்தாலும் கதவை மூடுவதற்கு முன் கொஞ்ச நேரம் பேசுகிறேன். எங்கிருந்து வருகிறீர்கள், தூங்கினீர்களா, வீட்டில் எல்லாம் சரியா. சிலருக்கு இது விசாரணை மாதிரி தோன்றலாம், தயவுசெய்து தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மனசு சரியில்லாத பைலட் அதை வெளியே சொன்னால் மெடிக்கல் போய்விடும் என்று பயந்து மறைக்கிறார். அந்தப் பயம் இருக்கிறவரைக்கும் நம்மில் ஒருவர் கேட்பதுதான் வழி.

சென்னைக்காரன் 320:

இந்தியாவில் நிலைமை வேறு என்பதால் ஒரு விஷயம் சேர்க்கிறேன். கேப்டன் யாரையும் வேண்டாம் என்று சொல்லலாம், ஆனால் யாரையும் வா என்று சொல்ல முடியாது. 2023 பிப்ரவரியில் துபாய் டெல்லி ஏர் இந்தியா விமானத்தில் கேப்டன் தன் தோழியைக் காக்பிட்டுக்குள் அழைத்தார். இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ கேப்டனின் லைசென்ஸை 3 மாதம் நிறுத்தி வைத்தது, கம்பெனிக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம். அமெரிக்காவிலும் காக்பிட்டுக்குள் யார் வரலாம் என்ற பட்டியல் விதியிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். சரிதானே டல்லாஸ் அண்ணே?

டல்லாஸ் கம்யூட்டர்:

சரிதான் தம்பி. விதி 121.547 என்று பெயர். அதோடு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏவின் இன்ஸ்பெக்டர் தன் அடையாள அட்டையைக் காட்டிச் சோதனைக்கு வந்தால் அந்த சீட் அவருக்குத்தான், முன்பே சரி சொல்லியிருந்த ஜம்ப்சீட்டர் எழுந்துகொள்ள வேண்டியதுதான்.

சிஆர்ஜே வலது சீட்:

எங்கள் சின்ன விமானத்தில் ஜம்ப்சீட்டை விரித்தால் கதவே அடைபட்டுவிடும், முழங்கால் நடுக் கன்சோலில் இடிக்கும். அப்படி உட்கார்ந்து வந்த ஒரு வயதான கேப்டனை மறக்க முடியாது. 10,000 அடிக்குக் கீழே தேவையில்லாத பேச்சு கூடாது என்பதால் வாயே திறக்கவில்லை. ஆனால் இறங்கி வரும்போது கன்ட்ரோலர் சொன்ன உயரம் ஒன்று, நாங்கள் செட் செய்தது வேறு. பின்னாலிருந்து, "ஏழாயிரம்னு சொன்னாங்களோ?" என்று ஒரே ஒரு கேள்வி. கேட்டுச் சரிபார்த்தோம், அவர் சொன்னதுதான் சரி. அந்த விதி வெட்டிப் பேச்சைத்தான் தடுக்கிறது, பாதுகாப்புக்கான பேச்சைத் தடுப்பதில்லை. புதுப் பைலட்டுகள் இதைக் குழப்பிக்கொண்டு பார்த்தும் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

2018 அக்டோபர் 28 அன்று டென்பசாரிலிருந்து ஜகார்த்தா வந்த லயன் ஏர் 737 மேக்ஸில் மூக்கு தானாகக் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. காக்பிட்டில் மூன்றாவதாக ஒரு பைலட் உட்கார்ந்திருந்தார். அவர்தான் மூக்கை மேலும் கீழும் சாய்க்கும் ட்ரிம் மோட்டாரின் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார் என்று பிறகு செய்திகள் வந்தன. எப்படியோ அந்த ஸ்விட்சுகளை அணைத்து, கையால் ட்ரிம் செய்து பத்திரமாக இறக்கினார்கள். மறுநாள் அதே விமானம் வேறு க்ரூவோடு கடலில் விழுந்து 189 பேர் போனார்கள். முந்தைய நாள் நடந்தது முழுமையாக விமானத்தின் லாக் புத்தகத்தில் எழுதப்படவில்லை என்று விசாரணை அறிக்கையே சொல்கிறது. அதைப் படித்தபோது வந்த வேதனை இன்னும் போகவில்லை.

புதுசு:

ரீஜனலில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஒரு பெரிய கம்பெனி விமானத்தில் கேப்டன் என் ஐடியில் இருந்த கம்பெனி பெயரைப் பார்த்துவிட்டு முடியாது என்றுவிட்டார். சீட் காலியாகத்தான் இருந்தது. காரணம் கேட்டிருக்கலாமா?

டல்லாஸ் கம்யூட்டர்:

அந்த இடத்தில் கேட்காதே. மறுக்கிற உரிமை அவருடையது, அந்த உரிமை கேப்டனிடமே இருக்க வேண்டும் என்பதுதான் என் உறுதியான கருத்து, கம்பெனி நிர்வாகத்திடம் போனால் இந்த வசதியே இருக்காது. ஆனால் கம்பெனி பெயரைப் பார்த்து மறுப்பது சின்னத்தனம். 1985இல் யுனைடெட் பைலட்டுகள் 29 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது மறியல் கோட்டைத் தாண்டி வேலைக்குப் போனவர்களுக்குப் பல வருடம் கழித்தும் ஜம்ப்சீட் மறுத்த கேப்டன்கள் இருந்தார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, அது ஒரு மனிதர் செய்த காரியத்துக்கு. இங்கே நீ எதுவும் செய்யவில்லை. இரண்டு கம்பெனி பைலட்டுகள் மாறி மாறி மறுக்க ஆரம்பித்தால் முதலில் மாட்டுவது உன்னை மாதிரி ஜூனியர்கள்தான்.

"பரவாயில்லை கேப்டன், நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கு, கேட்டில் அடுத்த விமானத்துக்குப் பெயரைப் போடு. அப்புறம் தேதி, விமான எண், நடந்த பேச்சு மூன்றையும் எழுதி உங்கள் யூனியனின் ஜம்ப்சீட் கமிட்டிக்கு அனுப்பு. அவர்கள் அந்தக் கம்பெனியின் கமிட்டியோடு பேசிக்கொள்வார்கள், பெரும்பாலும் ஒரு போனில் முடிந்துவிடும். ரிப்போர்ட்டிங்குக்கு முன் குறைந்தது இரண்டு விமானமாவது கையில் இருக்கிற மாதிரி கிளம்பு.