கிங்பின் லாக் ஆன மாதிரி சத்தம் வருது, ஹேண்டில் முழுசா உள்ளே போகலை

யார்டு_தம்பி:
அண்ணன்மாருக்கு வணக்கம். 6×4 பிரைம் மூவர் (டிரெய்லரை இழுக்குற முன்வண்டி), பின்னால ஏர் சஸ்பென்ஷன் (காத்தை ஏத்தி இறக்கி உயரத்தை மாத்தலாம்). சிங்கப்பூர் பெஞ்சூரு யார்டுல 40 அடி டிரெய்லரோட கிங்பினை (அடியில நீட்டியிருக்குற இணைப்பு முளை) மாட்டும்போது 'டொக்'குன்னு சத்தம் வருது, ஆனா ஃபிஃப்த் வீல் (முன்வண்டி மேல கிங்பினைப் பூட்டிப் பிடிக்குற தட்டு) ஹேண்டில் இரண்டு விரல் அளவு வெளியிலேயே நிக்குது. முன்னால இழுத்துப் பார்த்தேன், கழலலை. இப்படியே ஓட்டலாமா?

கிரீஸ்_கை:
ஓட்டவே ஓட்டாதீங்க தம்பி. இழுத்து நின்னதை மட்டும் நம்பக்கூடாது. கிங்பின் ஃபிஃப்த் வீலோட பூட்டுத் தாடைக்குள்ள போகாம மேலேறி, பிளேட்டோட முன்விளிம்புல சிக்கியிருந்தாலும் இழுவைக்கு அசையாது. ரோட்டுல ஒரு மேடு பள்ளம், ஒரு வளைவு போதும், கழன்றிடும்.

பெரும்பாலும் உயரம்தான் கோளாறு. டிரெய்லரோட அடித்தகடு ஃபிஃப்த் வீலுக்குச் சமமா, இல்லை 50 மில்லிமீட்டர் வரைக்கும் தாழ்வா இருக்கணும். அப்பதான் பின்சரிவுல தகடு உரசி, டிரெய்லரைக் கொஞ்சம் தூக்கிக்கிட்டே உள்ளே போகும். முன்னாடி கழற்றினவர் டிரெய்லரைத் தாங்குற முன்காலை அதிகமா இறக்கி விட்டிருந்தா டிரெய்லர் உயரத்துல நிக்கும். நீங்களும் சஸ்பென்ஷன் காற்றை இறக்கிட்டு ரிவர்ஸ் போனா கிங்பின் மேலதான் ஏறும்.

டிரெய்லர் பார்க்கிங் பிரேக் போட்டிருக்கான்னு பாருங்க. தகட்டுக்கு அரை மீட்டர் முன்னாடியே நிறுத்தி, இறங்கி உயரத்தைப் பாருங்க. சஸ்பென்ஷனாலயோ காலைச் சுத்தியோ சரிபண்ணிட்டு, நேர்கோட்டுல மெதுவா ரிவர்ஸ். அப்புறம் லோ கியர்ல இரண்டு தடவை இழுவை. அது முடிஞ்சதும் டார்ச்சோட பின்பக்கம் குனிஞ்சு பாருங்க: தாடை கிங்பினோட ஒல்லியான இடுப்பைச் சுத்திப் பிடிச்சிருக்கணும், இரண்டு தகட்டுக்கும் நடுவுல வெளிச்சம் தெரியக்கூடாது. ஹேண்டில் முழுசா உள்ளே போய், பாதுகாப்புக் கொக்கியும் விழுந்தப்புறம்தான் ஏர் ஹோஸ், வயர், கடைசியா கால்.

நைட்ஷிப்ட்:
அண்ணன் சொன்னது சரி. உயரம் சரியா இருந்தும் ஹேண்டில் வெளியே நின்னா கிரீஸைப் பாருங்க. பழைய கிரீஸ்ல மணல் சேர்ந்து கல்லு மாதிரி இறுகிப்போனா தாடை முழுசா மூடாது. சுரண்டி, துடைச்சு, புதுசு வைக்கணும். எல்லா டிரெய்லருக்கும் இப்படின்னா கோளாறு ஃபிஃப்த் வீல்ல. ஒண்ணுக்கு மட்டும்னா அந்தக் கிங்பினை அளங்க. 2 அங்குலக் கிங்பினோட இடுப்பு புதுசுல 50.8 மில்லிமீட்டர். 49-க்குக் கீழே தேஞ்சிருந்தா மாத்தியே ஆகணும்.

யார்டு_தம்பி:
பார்த்தேன் அண்ணே, தகட்டுக்கு நடுவுல கை நுழையுற இடைவெளி. காலைத் தரையில நல்லா ஊன்ற வச்சுட்டு, கழற்றி, டிரெய்லரை இறக்கி மறுபடி மாட்டறேன்.