புதுப்பிப்பு: தாத்தாவின் கடிதங்கள் ஸ்க்ராப்புக்கில் ஏறத் தொடங்கிவிட்டன

தாத்தா எழுதிய இன்லேண்ட் கடிதங்கள், பழைய போட்டோக்கள், பஸ் டிக்கெட்டுகள் எல்லாவற்றையும் ஸ்க்ராப்புக்கில் (நினைவுப் பொருட்களைச் சேர்த்து வைக்கும் புத்தகம்) சேர்க்க என்ன தாள், என்ன பசை வாங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பெரும்பாலானோர் சொன்னபடி ஆசிட் ஃப்ரீ (அமிலம் இல்லாத) தாள்தான் வாங்கினேன். சாதாரண சார்ட் பேப்பரை விட விலை அதிகம், ஆனால் கொடுக்கலாம். செய்தித்தாள் ஏன் சீக்கிரம் மஞ்சளாகிறது? மரக்கூழில் இருக்கும் லிக்னின் என்ற இயற்கைப் பொருள்தான் காரணம். அதனால் பத்திரிகைத் துண்டுகளை நகலெடுத்து, நகலை மட்டும் ஒட்டினேன்.

போட்டோக்களுக்குப் பசையே இல்லை. நான்கு மூலைகளிலும் போட்டோ கார்னர் (மூலையைச் செருகும் சின்ன முக்கோண உறை) வைத்தால் போதும், வேண்டும்போது கழற்றிப் பின்பக்கம் எழுதியதைப் படிக்கலாம். அம்மாவுக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. ஒவ்வொரு போட்டோவாக எடுத்து, யார், எந்த ஊர், யாருடைய கல்யாணம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் அதை அப்படியே பக்கத்தில் எழுதினேன். அலங்காரத்தை விட இந்த வரிகள்தான் புத்தகத்தின் உயிர் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்லேண்ட் கடிதத்தில் இரண்டு பக்கமும் எழுத்து இருக்கும். அதனால் ஒட்டாமல், தாளில் ஒரு பை மடித்து உள்ளே செருகிவிட்டேன்.

இப்போதைய பஸ் டிக்கெட்டுகளில் பல தெர்மல் தாள், அதாவது மை இல்லாமல் சூட்டால் அச்சாகும் தாள். வெயிலும் சூடும் பட்டால் எழுத்து மங்கிவிடும், உடனே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

அடுத்தது கல்யாணப் பத்திரிகைகள். மஞ்சள் தடவிய ஓரம் பக்கத்துத் தாளில் ஒட்டாமல் இருக்க, இடையில் எதை வைக்கிறீர்கள்?