ஒண்டாட்ஜி குடும்பப் பெயர்: டச்சுக் காலப் பதிவுகளில் தேட உதவி வேண்டும்

நண்பர்களே, இலங்கையின் கொழும்புச் செட்டி சமூக வழிப் பெயரான ஒண்டாட்ஜி எங்கெங்கே பரவியது என்று தொகுக்க வேண்டும். 1659-இல் தஞ்சாவூரிலிருந்து கொழும்பு வந்த வைத்தியரே மூதாதை என்பது குடும்ப மரபு. அதை அப்படியே சான்றாகக் கொள்ள முடியாது. 1758-இல் கொழும்பில் பிறந்து, நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில், ஆட்சிச் சீர்திருத்தம் கேட்ட தேசாபிமானக் கட்சியின் (Patriotten) முன்னணியில் நின்ற குவிண்ட் ஒண்டாட்ஜிக்கு நல்ல ஆவணம் உண்டு. எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாட்ஜியைச் சொல்லவே வேண்டாம்.

நெதர்லாந்துக் குடும்பப் பெயர்த் தரவுத்தளம் 1947, 2007 எண்ணிக்கையை ஊர்வாரியாகத் தருகிறது. ஐந்துக்குக் கீழே போனால் சரியான எண்ணை மறைத்துவிடும். அரிய பெயர்களுக்கு இதுதான் தொல்லை, ஊர்க்கணக்கைக் கூட்டி மொத்தம் போட முடியாது.

கொழும்பில் டச்சுக்காரர் கட்டிய உல்வெண்டால் (Wolvendaal) தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? குடும்பப் பெயரின் கடைசி எழுத்துகளை எழுத்தர்கள் விதவிதமாக எழுதியிருப்பார்கள், ஒரே எழுத்துக்கூட்டலில் தேடினால் பாதி நழுவும். முதல் எழுத்துகளை மட்டும் வைத்துத் தேடி, தந்தை பெயர், ஞானப்பெற்றோர் பெயர், ஆண்டு மூன்றையும் ஒப்பிடுங்கள். கொழும்பில் டச்சு ஆட்சி முடிந்த 1796-க்கு முந்தைய பதிவு கிடைத்தால் பக்க எண்ணோடு, மூலத்தில் உள்ள எழுத்துக்கூட்டலை மாற்றாமல் இங்கே போடுங்கள்.